நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துகள்

ஆவுடையப்பன் ஒரு மனுவோடு வந்தார். அவருக்கு வயது அறுபத்து நாலு. தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மனு எழுதுவது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி.

ஊருக்கு வெளியே ஒரு பாறைக் குன்று. அதன் அடியில் குருவின் குடில். குரு கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சீடரான ஆவுடையப்பனைவிட ஒன்பது வயது இளையவர். வந்தது யார் என்று நிமிர்ந்து பார்க்கவில்லை. செருப்புச் சத்தம் போதும்.

“சாமி, ஒரு கையெழுத்து வேணும்.”

“எதுக்கு?”

“நம்ம இன்னாசிமுத்து புத்தகக் கடைய மூடுதாங்களாம். இந்த வெள்ளிக்கிழமையோட சரி. வாட்ஸப்ல வந்துச்சு.”

“சரி.”

“என்ன சாமி சரிங்கீங்க? ஊருக்கு இருக்கறதே அந்த ஒரு கடைதான். கலெக்டருக்கு மனு எழுதியிருக்கேன். அரசாங்கக் கட்டடத்துல ஒரு அறை ஒதுக்கிக் குடுங்கன்னு. நாலு நாளா வீடு வீடா ஏறி இறங்கி நானூத்திப் பன்னெண்டு பேர்கிட்ட வாங்கிட்டேன். உங்க கையெழுத்து மேல இருந்தா கலெக்டர் தட்ட மாட்டாரு. உங்க பேச்சைக் கேக்க ரெண்டு தடவை வந்த மனுசன்.”

“வாசியும்.”

ஆவுடையப்பன் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். “‘நம் நகரின் அறிவுக் கண்ணாகத் திகழ்வதும், பழைய பேருந்து நிலையத்தின் எதிரில், பதினேழாம் எண் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நாற்பத்தோரு ஆண்டுகளாக இயங்கி வருவதுமாகிய…’”

“போதும்.”

“இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு சாமி.”

“அதனாலதான் போதும்னேன்.”

ஆவுடையப்பன் கோபப்படவில்லை. பத்து வருஷப் பழக்கம்.

“ஒரு சந்தேகம் சாமி. கலெக்டர் படிச்சவரு. எல்லாப் புத்தகமும் போன்ல கிடைக்குது, விலையும் கம்மி, வீட்டு வாசலுக்கே வந்துருது, பிறகு ஒரு ஊருக்குப் புத்தகக் கடை எதுக்குன்னு கேட்டுட்டாருன்னா? என்ன சொல்ல?”

குரு குழாயை மூடினார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

“நடையும்.”

“எங்க சாமி?”

“கடைக்கு. கேள்வி கடையப் பத்தித்தானவே.”

நடந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் வழி நெடுக யார் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் முப்பது பேர். இரண்டு வக்கீல்கள். ஒரு பல் டாக்டர், பல்லைப் பிடுங்கிக்கொண்டே போட்டுக் கொடுத்தாராம்.

பழைய பேருந்து நிலையத்துக்கு இப்போது பஸ் வருவதில்லை. புது நிலையம் புறவழிச் சாலைக்குப் போனதோடு கூட்டமும் அங்கே போய்விட்டது. இங்கே நாலு ஆட்டோ, ஒரு எடை பார்க்கும் இயந்திரம், வேலை இல்லாத நாய்கள். ஆவுடையப்பனும் இந்தப் பக்கம் வந்து வெகுநாள் ஆயிற்று. இருந்தாலும் கால் தயங்கவில்லை. பதினேழாம் எண் கட்டடத்துக்கு நேரே போய் நின்றார்.

கீழ்த்தளத்தில் ஜூஸ் கடை இருந்தது.

இடது பக்கம் பார்த்தார். விதைக் கடை. வலது பக்கம் தையல் கடை. இரண்டும் அப்படியே இருந்தன. நடுவில் சாத்துக்குடி அடுக்கியிருந்தது. கையில் இருந்த மனுவைப் பார்த்தார்.

ஜூஸ் கடைக்காரர் கேட்டார். “யாரைத் தேடுதீங்க?”

“இங்க ஒரு புத்தகக் கடை…”

“அது மாடிக்குப் போயி மூணு வருசமாச்சே. இந்தச் சந்துக்குள்ள படி இருக்கு. தலையப் பாத்துக்கிடுங்க, இடிக்கும்.” பிறகு, “வெயில்ல வந்திருக்கீங்க, ரெண்டு சாத்துக்குடி போடட்டுமா?” என்றார்.

குரு சீடரைப் பார்த்தார்.

“நானூத்திப் பன்னெண்டு பேரா?”

“ஆமா சாமி.”

“ஒருத்தரும் திருத்தலையே.”

ஆவுடையப்பன் மனுவை இரண்டாக மடித்தார். குரு அதற்குள் சந்தில் நுழைந்துவிட்டார். படியேறும்போது ஆவுடையப்பனுக்குத் தலை இடித்தது.

மேலே ஒரே நீள அறை. தகரக் கூரை. உள்ளே அடுப்பு மாதிரி காய்ந்தது. இன்னாசிமுத்து தரையில் உட்கார்ந்து புத்தகங்களைச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். பாதி அலமாரிகள் காலி. இவர்களைப் பார்த்ததும் எழுந்து, வேட்டியில் கையைத் துடைத்தார்.

“வாங்க சாமி. வாங்க அண்ணாச்சி. படி ரொம்பச் செங்குத்து. தலை இடிச்சிட்டா?”

“மாடிக்கு வந்ததை ஒருத்தரும் சொல்லலியே” என்றார் ஆவுடையப்பன்.

“வாறவங்களுக்குத் தெரியும் அண்ணாச்சி.”

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் குத்தியது.

ஆவுடையப்பன் மனுவை நீட்டினார். இன்னாசிமுத்து கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தார். மூன்று பக்கமும் வாசித்தார். அப்புறம் பெயர்களை வாசித்தார், மேலிருந்து கீழாக, விரலை வைத்து. ஒவ்வொரு பெயருக்கும் முகம் கொஞ்சம் மலர்ந்து, பிறகு பழையபடி ஆயிற்று.

“எல்லாம் நம்ம ஆளுங்க” என்றார். “நல்ல தமிழு அண்ணாச்சி. கீழ்த்தளம்னு மட்டும் இருக்கு.”

“திருத்திருதேன்.”

“பரவால்ல.”

குரு அறையின் கோடியில் நின்றுகொண்டிருந்தார். அங்கே ஓர் அலமாரி மட்டும் கலையாமல் இருந்தது. அதில் இருந்த ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு துண்டுச் சீட்டு நீட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பெயர்.

“இது என்ன?”

“எடுத்து வெச்சது சாமி.”

ஆவுடையப்பனுக்கு அந்த வழக்கம் தெரியும். புதுப் புத்தகம் வந்தால் இன்னாசிமுத்து அதைப் புரட்டுவார். புரட்டும்போது யாராவது ஓர் ஆள் ஞாபகத்துக்கு வருவார். அந்த ஆள் பெயரைச் சீட்டில் எழுதிச் செருகி அந்த அலமாரியில் வைத்துவிடுவார். ஆளைக் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார். கூப்பிட்டுச் சொன்னால் அது வியாபாரம் ஆகிவிடும் என்பார். ஆள் வந்தால் கையில் கொடுப்பார். வாங்கினாலும் சரி, நின்றபடியே நாலு பக்கம் வாசித்துவிட்டு வைத்துவிட்டாலும் சரி, சீட்டைக் கிழித்துவிடுவார். ஆவுடையப்பன் வாரம் இரண்டு தடவை வந்த நாளில், நுழைந்ததும் அந்த அலமாரியைத்தான் பார்ப்பார். தன் பெயர் இருந்தால் அன்றைக்கு வீட்டில் யாரையும் திட்ட மாட்டார்.

“உங்களுதும் கிடக்கு அண்ணாச்சி.”

இன்னாசிமுத்து நாலு புத்தகங்களை எடுத்து வந்தார். சீட்டுகள் பழுத்திருந்தன. ஒன்று குளங்களைப் பற்றியது. ஒன்று புறா வளர்ப்பு. ஒன்று பழைய நீதிமன்ற வழக்குகள். ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்தது. மூன்றும் அவருக்கே அளவெடுத்த மாதிரி இருந்தன.

நாலாவது மெல்லிய புத்தகம். பேச்சு வராத பிள்ளைகளைப் பற்றியது.

“இது எனக்கா?”

“ஆமா.”

சீட்டில் அவர் பெயர். கீழே தேதி. நாலு வருஷத்துக்கு முந்தையது.

“உங்க மக ஒரு நாள் பேத்தியக் கூட்டிக்கிட்டு வந்துச்சு, கலர் பென்சில் வாங்க. அப்போ கடை கீழதான் இருந்துச்சு. உன் பேரு என்னட்டின்னு பிள்ளைகிட்ட கேட்டேன். பதிலில்ல. ரெண்டரை வயசாச்சு, இன்னும் பேசலன்னு உங்க மக சொல்லிச்சு. அந்நேரம் பின்னால ஒரு கட்டு சரிஞ்சு விழுந்துச்சு. நானே துள்ளிட்டேன். பிள்ளை திரும்பல.”

கூரைத் தகரம் வெயிலுக்கு டக் டக்கென்றது.

“எனக்கு அது மனசுலயே கிடந்துச்சு. பதினஞ்சு நாள்ல இந்தப் புத்தகம் வந்துச்சு. உங்க பேர்ல எடுத்து வெச்சேன்.”

“மககிட்டயே சொல்லியிருக்கலாமே.”

“பெத்தவகிட்ட நான் எப்படி அண்ணாச்சி சொல்ல? நான் என்ன டாக்டரா? நீங்க வந்தா கையில குடுத்துருவோம்னு இருந்தேன். வாரம் ரெண்டு தடவை வந்த ஆளு, எப்பவாவது வராமலா போயிருவீங்கன்னு நெனச்சேன்.” இன்னாசிமுத்து கயிற்றைத் திருகினார். “இதுக்காவது கூப்பிட்டிருக்கணும். என் தப்பும் இருக்கு.”

ஆவுடையப்பன் முதல் பக்கத்தைத் திருப்பினார். தடித்த எழுத்தில் இருந்தது: முதலில் காதைச் சோதியுங்கள்.

“பேத்தி வடிவுக்குக் காதுதான் கேக்கலன்னு அஞ்சு வயசுலதான் தெரிஞ்சுது” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. “மக டாக்டர்கிட்ட போகணும் போகணும்னா. நான்தான் பொறு பொறுன்னேன். நம்ம வீட்டுல எல்லாருக்கும் மெதுவாத்தான் பேச்சு வரும், நானே நாலு வயசுலதான் வாயத் திறந்தேன்னு பெருமையா வேற சொன்னேன். இப்போ மிஷின் மாட்டியிருக்கு. நாலஞ்சு வார்த்தை வருது. முன்னாலயே மாட்டியிருந்தா…”



குரு அலமாரியில் இருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பாதிப் பெயர்கள் அவருக்குத் தெரிந்தவை. குடிலில் அவர் முன்னால் கண்ணை மூடி உட்காருகிறவர்கள்.

“எனக்கு ஒண்ணும் எடுத்து வெக்கலையா?”

“இல்ல சாமி.”

“ஏன்?”

இன்னாசிமுத்து தயங்கினார்.

“சும்மா சொல்லும்.”

“புத்தகத்தை மூடிட்டு வாங்கன்னு நீங்க ஒரு பேச்சுல சொன்னீங்களாம். ஆறு வருசம் இருக்கும். அதோட இவுங்கள்ல முக்காவாசிப் பேரு வரல. பிறகு உங்களுக்கு எதை எடுத்து வெக்க?”

ஆவுடையப்பன் தரையைப் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியவர் அவர்.

“சொன்னேன்” என்றார் குரு. “அது வாசிச்சு வாசிச்சுக் கிறுக்குப் பிடிச்சிருந்த ஒருத்தனுக்குச் சொன்னது. அவன்கிட்ட தனியாச் சொல்லியிருக்கணும். கூட்டத்துல சொல்லிட்டேன்” என்றார்.

“நான் குத்தமாச் சொல்லல சாமி.”

“குத்தம்தான்வே.”

ஆவுடையப்பன் அவசரமாகப் பேனாவை எடுத்தார். “இன்னாசி, ஒண்ணும் கெட்டுப் போகல. சாமி இப்பமே கையெழுத்துப் போட்டுருவாரு. நாளைக் காலையில நான் கலெக்டரைப் பாக்கேன். ஒரு மாசத்துல அறை கிடைச்சிரும்.”

“வேண்டாம் அண்ணாச்சி. வெள்ளிக்கிழமை சாவியக் குடுக்கறதாச் சொல்லிட்டேன். இதெல்லாத்தையும் மதுரையில ஒருத்தர் எடுத்துக்கிடுதாரு. நான் தூத்துக்குடிக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்.”

“அறை கிடைச்சா இருப்பீருல்லா?”

“கிடைச்சா, யாரு வருவா?”

“நாங்க வருவோம்.”

இன்னாசிமுத்து தரையில் உட்கார்ந்து, பாதியில் விட்ட கட்டை இழுத்து வைத்துக்கொண்டார். கயிற்றைக் குறுக்கே போட்டார்.

“அண்ணாச்சி, இதுல ஒரு விரலை வையுங்க. முடிச்சு நழுவுது.”

ஆவுடையப்பன் குனிந்து விரலை வைத்தார். இன்னாசிமுத்து இழுத்தார். முடிச்சு இறுகியது. ஆவுடையப்பன் விரலை எடுத்துக்கொண்டார்.

“அந்த அலமாரிய?” என்று குரு கேட்டார்.

“அது கடைசியா சாமி. சீட்டை எல்லாம் உருவிட்டுத்தான் கட்டணும்.”

ஆவுடையப்பன் நாலு புத்தகங்களையும் வாங்கிக்கொண்டார். இன்னாசிமுத்து வழக்கப்படி சீட்டுகளை உருவிக் கிழித்தார். மூன்றைக் கிழித்ததும் ஆவுடையப்பன் அவர் கையைப் பிடித்தார்.

“இது இருக்கட்டும்.”

திரும்பி நடந்தார்கள். ஆவுடையப்பன் வழியில் ஒரு பெயரும் சொல்லவில்லை. புறவழிச் சாலையைக் கடக்க லாரிகளுக்காக நின்றார்கள்.

“மனுவ என்ன செய்ய சாமி?”

“முகவரியத் திருத்தும்.”

“என்னன்னு திருத்த? வெள்ளிக்கிழமைக்குப் பிறகு மாடியும் இல்லையே.”

லாரிகள் போய் முடிந்தன. சாலையைக் கடந்தார்கள். குன்று தெரிந்தது.

“நான் ஒண்ணு கேட்டேன், நீங்க பதில் சொல்லல” என்றார் ஆவுடையப்பன். “ஒரு ஊருக்குப் புத்தகக் கடை எதுக்குன்னு.”

குரு நின்றார்.

“நீரு என்கிட்ட எத்தனை வருசமா வாரீரு?”

“பத்து.”

“தினமுமா?”

“ஞாயித்துக்கிழமை தவிர.”

“உம்ம பேத்திக்குக் காது கேக்காதுன்னு எனக்கு இன்னைக்குத்தான்வே தெரியும்.”