நின்று நின்று ஓடிய ஜெனரேட்டர்

சாகக் கிடப்பவர்களை அவரவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பதையே தவமாகச் செய்துவந்தார் ஒரு சாமியார். மடம் என்று அவருக்கு ஒன்றும் கிடையாது. சினிமாக்காரர்கள் கழித்துப்போட்ட கேரவன்தான் மடம். அதனால் ஜனங்கள் அவரை வண்டிச்சாமி என்றார்கள்.

அவருக்கு ஒரே சீடர், கோதண்டம். பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவுக்கு வயது நாற்பதுதான், சீடருக்கு அறுபத்தைந்து. அதனால் குரு சீடரை 'அய்யா' என்பார்.

அந்த மழைக்காலத்தில் வண்டிக்குள் படுத்திருந்தது கோதண்டத்தின் சொந்த அண்ணன் மாசிலாமணி. நுரையீரல் போய்விட்டது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். பிறந்த வீட்டுக் கூரையின் கீழே மூச்சு போகவேண்டும். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

ஆயுத பூஜை முடிந்த கையோடு கிளம்பினார்கள். வண்டியின் அடிப்பெட்டியில் இருந்த ஜெனரேட்டருக்குக் கோதண்டமே சந்தனம் குழைத்து, ஒரு இடம் விடாமல் பூசி, குங்குமம் வைத்திருந்தார். பூசாமல் எப்படி? ஆக்சிஜன் மெஷின் ஓடுவது அதில்தான். அண்ணன் மூச்சு ஓடுவதும் அதில்தான்.

ஊருக்குச் சற்று முன்னால் ஒரு தரைப்பாலம். வெள்ளம் அதற்கு மேலே போய்க்கொண்டிருந்தது. திரும்பலாம் என்றால் பின்னால் புளியமரம் விழுந்து ரோடு அடைந்துகிடந்தது. தண்ணீர் வடியட்டும் என்று வண்டியை நிறுத்தினார்கள்.

அப்போதுதான் ஜெனரேட்டர் இருமியது. இழுத்தது. நின்றது.

கோதண்டம் மழையில் இறங்கினார். டேங்க் மூடியைத் திறந்து பார்த்தார், பெட்ரோல் இருந்தது. மூடிவிட்டுக் கயிற்றை இழுத்தார், ஓடியது. மேலே வந்து துண்டால் தலையைத் துவட்டுவதற்குள் மறுபடி நின்றது.

பிளக்கைக் கழற்றித் துடைத்தார். ஃபில்டரை ஊதினார். கார்புரேட்டரைப் பிரித்துக் கோத்தார். ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து பெட்ரோலைப் பார்த்தார். திறக்கும்போதெல்லாம் உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. மழைச் சத்தத்தில் அது அவர் காதில் ஏறவில்லை. மூடிவிட்டு இழுத்தால் ஓடும். கொஞ்ச நேரம்தான். பிறகு நிற்கும்.

மாசிலாமணி மாஸ்க்கைச் சற்று விலக்கினார்.

"டேய், மில்லுல உனக்கு எப்படிடா சம்பளம் குடுத்தாங்க?"

கோதண்டம் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. அண்ணனின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரும் தீர்ந்துவிட்டது. அவர் மறுபடி கீழே ஓடினார்.

அடுத்த தடவை ஏறி வந்தபோது, சாமி தரையில் அகலோடு உட்கார்ந்திருந்தார். மடியில் பிரிக்காத நல்லெண்ணெய் டின். கையில் ஆணி.

கோதண்டத்துக்கு உச்சி எரிந்தது. தலைமாட்டு விளக்குக்கா? உயிர் இருக்கும்போதேவா?

"அண்ணனுக்கு இன்னும் மூச்சு இருக்கு, சாமி."

"இருக்கு, அய்யா."

சாமி டின்னின் மேலே ஒரு ஓட்டை போட்டார். அகல் மேல் கவிழ்த்தார். எண்ணெய் சொட்டியது, திணறியது, நின்றது. உலுக்கினார். இரண்டு சொட்டு. மறுபடி நின்றது.

பார்க்கப் பார்க்கக் கோதண்டத்துக்குப் பொறுக்கவில்லை.

"இன்னொரு ஓட்டை போடணும், சாமி. காத்து உள்ள போனாத்தானே எண்ணெய் வெளிய வரும். இதுகூடவா..."

பேச்சு பாதியில் நின்றது. மறுகணம் அவர் மழையில் இருந்தார்.

பெட்ரோல் டேங்க் மூடியின் உச்சியில், காற்று போக ஊசிமுனை அளவுக்கு ஒரு துவாரம் உண்டு. அதன் மேல் சந்தனம் காய்ந்து கல்லாய் இருந்தது. நடுவில் குங்குமம். நகத்தால் சுரண்டினார். சட்டையிலிருந்த ஊக்கைப் பிடுங்கித் துவாரத்தைக் குத்தினார். கயிற்றை இழுத்தார்.

ஓடியது. அவர் மழையில் நின்றபடியே கேட்டார். இருமவில்லை. இழுக்கவில்லை. நிற்கவுமில்லை.

மேலே வந்தார். மெஷின் சீராக உறுமிக்கொண்டிருந்தது. மாஸ்க்கில் காற்று வந்துகொண்டிருந்தது. சாமி, மாசிலாமணியின் மூக்கருகே வைத்திருந்த விரலை எடுத்தார்.

கோதண்டம் அழவில்லை. அண்ணன் காலடியில் உட்கார்ந்தார். கீழே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டேயிருந்தது.

எழுந்து அண்ணனின் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"எனக்குப் புரியவைக்கத்தானே சாமி அந்த டின்னை எடுத்தீங்க?"

"இல்ல, அய்யா. விளக்குக்குத்தான் எடுத்தேன்."

"அப்ப உங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தா விளக்கையா தேடியிருப்பேன்?"

சாமி இரண்டாவது ஓட்டையைப் போட்டு அகலை நிரப்பினார். திரியை ஏற்றினார். பூஜையில் மிஞ்சிய சந்தனத்தைக் கிண்ணத்தில் குழைத்து, சீடர் பக்கம் நகர்த்தினார்.

கோதண்டம் தன் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் மூடிச் சந்தனம் அப்படியே இருந்தது.

"இந்தக் கையாலயா, சாமி?"

"அதே கையாலதான், அய்யா. அண்ணன் நெத்தியில பூசுங்க. அங்க அடைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல."