நீலக் கோடு

மலையடிவாரத்து ஆசிரமத்தில் கோயில் கிடையாது. பூசை கிடையாது. ஓடு வேய்ந்த நீளமான கூடம் ஒன்றும் அதில் இரண்டு வரிசைக் கட்டில்களும் இருந்தன. மழைக்காலம் பிறந்தால் சுற்றுப்பட்டு ஊர்களின் காய்ச்சல்காரர்கள் அங்கேதான் வந்து படுப்பார்கள். டவுன் ஆஸ்பத்திரிக்கு மலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

கூடத்தை நடத்தியவர் நிறைமதி அம்மையார். டாக்டராக இருந்து காவி கட்டியவர். ஞானம் கேட்டு யாராவது வந்தால் அவர் உபதேசம் செய்வதில்லை. கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் சார்ட்டைக் காட்டி, "இது என்ன சொல்லுது?" என்று கேட்பார். பாதிப் பேர் மறுநாளே கிளம்பிவிடுவார்கள்.

சார்ட் என்பது கட்டம் போட்ட ஒரு தாள். குறுக்கே நாளும் வேளையும். நெடுக்கே எண்கள். காய்ச்சலுக்குச் சிவப்புப் புள்ளி, நாடித் துடிப்புக்கு நீலப் புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தால் இரண்டு கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறி இறங்கிப் போகும்.

கிளம்பாமல் தங்கியவள் கோமளம். அம்மையாரைவிட வயதில் மூத்தவள். அவள் ஞானம் தேடி வந்தவளும் அல்ல. குடற்காய்ச்சலில் கிடந்த கணவனோடு வந்தவள். ஒரு காலை அவனுக்குக் காய்ச்சல் மளமளவென்று இறங்கியது. கோமளம் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டாள். பொழுது சாய்வதற்குள் அவன் இறந்துபோனான்.

"காய்ச்சல்தான் இறங்கிடுச்சே! அப்புறம் எப்படி?" என்று அவள் கேட்டாள்.

அம்மையார் அவனுடைய சார்ட்டைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். சிவப்புக் கோடு விழுந்த அதே வேளையில் நீலக் கோடு செங்குத்தாக ஏறி அதை வெட்டிக்கொண்டு போயிருந்தது.

"குடல் புண்ணு உடைஞ்சு உள்ளுக்குள்ளேயே ரத்தம் போயிருக்கு. அதான் உடம்பு குளிர்ந்துச்சு, நாடி ஓடுச்சு. நான் பக்கத்து ஊர்ல இருந்தேன். இதைப் பார்க்கத் தெரிஞ்சவங்க இங்கே யாரும் இல்லை."

கோமளம் அந்தத் தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காரியம் முடிந்தபின் ஊரில் இருக்கவும் இல்லை. திரும்பி வந்துவிட்டாள்.

அதன்பின் பல மழைக்காலங்கள் காலைச் சுற்று அவளுடையதாக இருந்தது. கட்டில் கட்டிலாக நின்று சார்ட்டை உரக்கப் படிப்பாள். அம்மையார் பின்னால் நின்று கேட்பார். அந்த நேரத்தில் அவளுக்கு முதுகு தானாக நிமிரும்.

அந்த வருட மழைக்கு முன்னால் பொற்கொடி வந்தாள். முப்பது வயதுக்காரி. நூற்பாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்தவள். கோடுகள் அவளுக்குப் புதிதல்ல.

அம்மையார் ஒரு பழைய சார்ட்டைப் பெயர் தெரியாமல் மடித்து அவளிடம் நீட்டினார். "இது என்ன சொல்லுது?"

பொற்கொடி கொஞ்ச நேரம் பார்த்தாள். "சாயங்காலம் ஏறுது, காலையில இறங்குது. ஆனா இறங்கினாலும் முந்தின நாள் இடத்துக்கு வரலை. படிக்கட்டு மாதிரி மேலேதான் போகுது. இவருக்கு இன்னும் ஏறும்மா."

அம்மையார் சிரித்தார்.

கோமளம் அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். இதையே சொல்வதற்கு அவளுக்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. அவள் அதைச் சொன்ன அன்று அம்மையார் "ம்" என்று மட்டும் சொன்னார்.

சில நாள் கழித்து அம்மையார் அவளைக் கூப்பிட்டார்.

"கோமளம்மா, காலையில இனிமே பொற்கொடி படிக்கட்டும். அவளுக்கு இன்னும் சிவப்புதான் தெரியும். நீலத்தை நீங்க சொல்லிக்கொடுங்க."

"சரிங்கம்மா."

அன்று மத்தியானமே பொற்கொடி வந்து உட்கார்ந்தாள். "அக்கா, நீலக் கோடு..."

"துணி ஊறிட்டிருக்கு. நாளைக்குப் பார்க்கலாம்."

மறுநாளும் வந்தாள்.

"அதெல்லாம் படிச்சு வர்றதில்லம்மா. பட்டு வரணும்."

பொற்கொடி அதற்குமேல் கேட்கவில்லை. நாடி பார்ப்பதும் நீலப் புள்ளி வைப்பதும் கோமளத்தின் கையிலேயே நின்றன. அந்த ஒன்றையாவது விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் இல்லை. அதற்கு அவள் கொடுத்த விலை அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா?

காலைச் சுற்றில் இப்போது கோமளம் மூன்றாவதாக நடந்தாள். பொற்கொடி படிக்கும்போது அவள் சார்ட்டைப் பார்ப்பதில்லை. அம்மையாரின் முகத்தைப் பார்த்தாள். புருவம் எப்போது உயர்கிறது, தலை எப்போது அசைகிறது என்று பார்த்தாள். பந்தியில் யாருக்கு முதலில் மோர் போகிறது என்று பார்த்தாள்.

ஒருநாள் பொற்கொடி ஒரு புள்ளியைக் கட்டம் தள்ளி வைத்துவிட்டாள். கோமளம் அதைச் சுடச்சுட அம்மையாரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அம்மையார் திருத்திவிட்டு, "கண்ணு சோர்ந்திருக்கு பொற்கொடி. இன்னிக்குச் சீக்கிரம் படுத்துக்கோ" என்றார்.

கோமளத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஐப்பசி அடைமழையில் செங்கல் சூளைக்காரன் இருளப்பனைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். குடற்காய்ச்சல். கூட அவன் மனைவி மாரிக்கண்ணு. இரண்டு வாரமாகச் சிவப்புக் கோடு உச்சியிலேயே நின்றது. கஞ்சித் தண்ணீர் தவிர எதுவும் தரக் கூடாது என்று அம்மையார் சொல்லியிருந்தார்.

ஒரு காலை அம்மையார் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பிரசவம் பார்க்கப் போயிருந்தார். பொற்கொடி இருளப்பனுக்குக் காய்ச்சல் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். பிறகு சிவப்புப் புள்ளியை வெகு கீழே வைத்தாள்.

"மாரிக்கண்ணு, இறங்கிடுச்சு! சுத்தமா இறங்கிடுச்சு!"

மாரிக்கண்ணு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

கோமளம் வந்து இருளப்பனின் மணிக்கட்டைப் பிடித்தாள். தோல் ஈரமாக, சில்லென்று இருந்தது. விரலுக்கடியில் நாடி ஓடியது. எண்ணினாள். நூற்றிருபத்தெட்டு.

நீலப் பேனாவைத் திறந்தாள். புள்ளி எங்கே விழும் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த வடிவத்தை அவள் மடியில் வைத்துப் பார்த்திருக்கிறாள்.

புள்ளியை வைத்தால் பொற்கொடி கேட்பாள். சூட்டிகையானவள். ஒரு தடவை சொன்னால் போதும், அதையும் பிடித்துக்கொள்வாள். வைக்காவிட்டால், அம்மையார் வந்து பார்க்கும்போது சார்ட்டின் எதிரில் நிற்கப்போவது பொற்கொடி.

கோமளம் பேனாவை மூடினாள். அம்மையார் இப்போது வந்துவிடுவார். கொஞ்ச நேரம்தானே.

பொற்கொடி பின்னாலேயே வந்தாள். "அக்கா, மாரிக்கண்ணு கேக்குது. குழைய வடிச்சு ரெண்டு வாய் சோறு கொடுக்கலாமா?"

"காலையில படிக்கிறது நீதானே? நீயே சொல்லு."

அவள் அடுக்களைக்குப் போய்க் கஞ்சியைக் கிண்டினாள். கிண்டக் கிண்ட ஒரு காட்சி ஓடியது. அம்மையார் கட்டிலுக்கு முன்னால் நிற்கிறார். "யார் படிச்சது இதை?" என்கிறார். பொற்கொடி தலை குனிகிறாள். அம்மையார் திரும்பி, "கோமளம்மா, நீங்க வாங்க" என்கிறார். அந்த இடத்தை அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். இனித்தது.

கூடத்திலிருந்து மாரிக்கண்ணுவின் குரல் கேட்டது.

"எந்திரிங்க. ஒரே ஒரு வாய். காய்ச்சல்தான் இறங்கிடுச்சே!"

கோமளத்தின் கை நின்றது. அடுத்த கணம் அவள் ஓடினாள். அந்த வயதில் அவள் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை.

"வாயில வைக்காதே! வைக்காதேடி!"

தட்டு எகிறி விழுந்து சோறு தரையெல்லாம் சிதறியது. இருளப்பனின் உதடு வெளுத்திருந்தது. பொற்கொடி ஒன்றும் புரியாமல் நின்றாள்.

"பார்த்துட்டு நிக்காதே. ஓடு! அம்மாவைக் கூட்டிட்டு வா. ஜீப்பை எடுக்கச் சொல்லு!"

அம்மையார் சேற்றுக் காலோடு வந்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கையில் ஊசி ஏற்றி, சலைன் பாட்டிலை மாரிக்கண்ணுவைப் பிடிக்கச் சொல்லி, ஆசிரமத்து ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போனார்.

மறுநாள் பத்து மணி வாக்கில் திரும்பினார். முகம் வாடியிருந்தது.

"ஆபரேஷன் ஆச்சு. ரத்தம் ஏத்தியிருக்காங்க. பிழைச்சுக்குவான்."

பொற்கொடி அவர் காலடியில் உட்கார்ந்து விம்மினாள். "நான்தாம்மா தப்பாப் படிச்சேன். சோறு கொடுக்கச் சொன்னதும் நான்தான்."

"எதைப் படிச்சே?"

"சிவப்பை."

"சிவப்பு என்ன சொல்லுச்சு?"

"இறங்குச்சுன்னு."

"இறங்கத்தான் செஞ்சுது" என்றார் அம்மையார். இருளப்பனின் சார்ட்டைக் கொண்டுவரச் சொன்னார். சிவப்புக் கோடு செங்குத்தாக விழுந்திருந்தது. நீலக் கோடு அதற்கு முந்தின நாள் சாயங்காலத்தோடு நின்றிருந்தது.

"நேத்துக் காலைப் புள்ளி எங்கே?"

கோமளம் சுவரோடு நின்றாள்.

"அக்காவுக்கு நேத்து அடுக்களை வேலையும் சேர்ந்துடுச்சும்மா" என்றாள் பொற்கொடி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "மறந்திருப்பாங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று கோமளத்துக்குத் தோன்றியது.

"மறக்கலை" என்றாள். "பார்த்தேன். குறிக்கலை."

அம்மையார் அவளை ஏறிட்டுப் பார்த்தார். கோபம் இல்லை. ஆனால் பார்வையை எடுக்கவும் இல்லை.

"எவ்வளவு?"

"நூத்தி இருபத்தெட்டு."

நீலப் பேனாவை நீட்டினார். "குறிங்க."

"இப்ப எதுக்கும்மா? அவன்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டானே."

"குறிங்க."

கோமளம் தரையில் உட்கார்ந்தாள். விரல் கட்டங்களை எண்ணிக்கொண்டு மேலே போனது. புள்ளி வைத்தாள். பழைய புள்ளியிலிருந்து கோடு இழுத்தாள். கோடு கோணலாக ஏறி, சிவப்பை வெட்டியது.

"இப்ப இவளுக்குச் சொல்லிக்கொடுங்க. இந்தச் சார்ட்டை வெச்சே."

வெளியே மழை விட்டிருந்தது. ஓட்டிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"சிவப்பு இறங்கினா நீலமும் கூடவே இறங்கணும்" என்று ஆரம்பித்தாள் கோமளம். "ரெண்டும் சேர்ந்து இறங்கினா குணமாகுதுன்னு அர்த்தம். சிவப்பு விழுந்து நீலம் ஏறினா, உடம்பு உள்ளே காலியாகுது. ஒரு கோட்டை மட்டும் பார்த்தா நல்ல சேதி மாதிரித்தான் இருக்கும்."

பொற்கொடி தாளின்மேல் குனிந்தாள். அவள் விரல் இரண்டு கோடுகளோடும் நகர்ந்து, வெட்டிய இடத்தில் நின்றது. அப்படியே கீழே இறங்கி வேளையைப் பார்த்தது.

"அப்படின்னா காலையிலேயே தெரிஞ்சிருக்கு."

"ஆமா."

"நான் சோறு கொடுக்கலாமான்னு கேட்டதுக்கு முன்னாடி."

"ஆமா."

"தெரிஞ்சுதான் 'நீயே சொல்லு'ன்னீங்களா அக்கா?"

கோமளம் தலையை மட்டும் அசைத்தாள்.

பொற்கொடி எழுந்தாள். நீலப் பேனாவை எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் போனாள். முதல் கட்டில்காரரின் மணிக்கட்டைத் தேடிப் பிடிப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கட்டைவிரலால் பிடித்தாள். பிறகு மற்ற விரல்களுக்கு மாற்றிப் பிடித்தாள்.

கோமளம் தன் துணிமணிகளை ஒரு பையில் எடுத்து வந்து அம்மையார் முன் நின்றாள்.

"நான் ஊருக்குப் போறேம்மா."

"ம்."

"ஏன் குறிக்கலைன்னு என்னைக் கேக்க மாட்டீங்களா?"

"தெரியும்."

"எத்தனை நாளாத் தெரியும்?"

"அவ புள்ளியைத் தள்ளி வெச்சதை நீங்க கொண்டுவந்து காட்டின அன்னிக்கு, உங்க முகத்துல தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் ஏன் நீலத்தை என் கையிலேயே விட்டீங்க?"

"தானா இறங்கிடும்னு நினைச்சேன். அது நான் தப்பாப் படிச்சது."

கோமளத்துக்குக் கண் நிறைந்தது. பையைத் தோளில் மாட்டினாள்.

"அவளுக்குத்தான் எல்லாம் தெரிஞ்சிடுச்சே. இனிமே நான் எதுக்கும்மா இங்கே?"

உள்ளே பொற்கொடி இரண்டாவது கட்டிலுக்கு நகர்ந்திருந்தாள். அம்மையார் அந்தப் பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

"நாளைக்கோ மறுநாளோ அவ இன்னொரு தப்புப் பண்ணுவா. அப்ப அவ பக்கத்துல நின்னு வாயைத் திறக்கப்போறது யாருன்னு சொல்லிட்டுப் போங்க."