மாலையிலும் நிறைந்திருந்த டிரம்

முன்பொரு சமயம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு மானியம் விருந்தாளியாக வந்தது. தலைமையாசிரியை அமலோற்பவம் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“நான் தங்க வரவில்லை. எல்லாரும் கூடிப் பேசித் திட்டம் போடுங்கள். எது முதல் வேலையோ அதை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போவேன்” என்றது மானியம்.

வாசல் கேட் முந்திக்கொண்டது. “எனக்கு மேலே ஒரு வளைவு. ரோட்டில் போகிறவன் நின்று பார்க்க வேண்டாமா?”

“உன்னைப் பார்த்தா பிள்ளைகள் படிக்கிறார்கள்?” என்றது கரும்பலகை. “முதலில் எனக்குக் கறுப்புப் பூசுங்கள்.”

தண்ணீர் டிரம் சிரித்தது. “எனக்கு ஒன்றும் வேண்டாம். காலையில் நிரப்பினால் சாயங்காலம் வரை குறையவே மாட்டேன்.”

“கெட்டிக்காரி. தண்ணீருக்குக் குறையில்லை என்று எழுதுங்கள்” என்றது மானியம். சகாயமேரி டீச்சர் எழுதினார்.

இதெல்லாம் கொல்லைப்பக்கம், பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்குக் கேட்டது. அதை யாரும் கூப்பிடவில்லை. அதன் தாழ்ப்பாள் உடைந்து வெகுகாலமாயிற்று. மூன்றாம் வகுப்பு ஜெனிட்டாவின் அம்மா காலையில் வந்து அழுதுவிட்டுப் போனது அதன் மனதிலேயே நின்றது. “மறுபடியும் நீர்க்கடுப்பு, காய்ச்சல். இன்னொரு தடவை வந்தால் பிள்ளையை நிறுத்திவிடுவேன், டீச்சர்.”

கதவு வெட்கத்தை விட்டுக் கிறீச்சிட்டது. “டிரம் அக்கா, ஏன் குறையவில்லை என்று யோசித்தீர்களா?”

“பின்பக்கத்து ஆளெல்லாம் பேச வந்தாச்சு” என்றது கேட்.

“பேசத்தான் போகிறேன். எனக்குத் தாழ்ப்பாள் இல்லை. யார் தள்ளித் திறப்பார்களோ என்று பிள்ளைகளுக்குப் பயம். இங்கே வராமலிருக்க அவர்கள் தண்ணீரே குடிப்பதில்லை.”

டிரம்முக்குள் தண்ணீர் லேசாகத் தளும்பியது. 

அமலோற்பவம் டீச்சர் எழுந்து கொல்லைக்குப் போனார். கதவைச் சாத்தினார். அது மெல்லத் திறந்துகொண்டது.

“நம்ம கழிப்பறைக்கு உள்ளே தாழ்ப்பாள், பள்ளி விட்டதும் போட வெளியே பூட்டு” என்றார். “எழுதினதை அடித்துவிடு, சகாயமேரி. இதுதான் முதல் வேலை.”

தாழ்ப்பாள் வந்தது. காய்ச்சல் விட்டு வந்த ஜெனிட்டா உள்ளே போய் அதைப் போட்டாள், எடுத்தாள், மறுபடியும் போட்டாள். வெளியே வந்து, நேரே டிரம்மிடம் போய் இரண்டு டம்ளர் குடித்தாள். அவள் பின்னாலேயே மற்றப் பெண் பிள்ளைகளும் வந்து குடித்தார்கள்.

அன்று சாயங்காலம் கேட் சீண்டியது. “என்ன அக்கா, வயிறு காலியா?”

“காலிதான்” என்றது டிரம். “டீச்சரிடம் போய் இதையும் எழுதிக்கொள்ளச் சொல்.”