தங்கப் பதக்க முயல் கண்ணாமூச்சி ஆடிய கதை

முயல் துடியனும் மான் பூவரசும் காட்டுக் கல்லூரியில் ஒரே வகுப்பு. சின்ன வயதில் நாள் முழுக்கக் கண்ணாமூச்சி ஆடியவர்கள். கல்லூரிக்குள் கால் வைத்தார்களோ இல்லையோ, விளையாட்டு போயே போச்சு. புல் மேய்வதற்கு முன்புகூட, "இதன் நோக்கம் என்ன?" என்று கேட்டுக்கொள்கிற நிலைமைக்கு வந்துவிட்டார்கள். அதிலும் துடியன் தங்கப் பதக்கம் வாங்கியவன். தும்முவதற்கே இரண்டு காரணம் வைத்திருப்பான்.

கடைசிப் பரீட்சை முடிந்தது. அன்று சாயங்காலமே பூவரசின் மான் கூட்டம் ஆற்றைக் கடந்து அக்கரைக் காட்டுக்குக் குடிபோகிறது. இனி திரும்பி வராது. துடியனுக்கோ நீந்தத் தெரியாது.

"மச்சான், போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஆட்டம் ஆடலாமாடா? பழையபடி சிரிக்கணும்போல இருக்கு" என்றான் பூவரசு.

"ஆடலாம்டா. நீ கண்ணை மூடு" என்றான் துடியன்.

பூவரசு மருத மரத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தான்.

துடியன் ஈச்சம்புதரைப் பார்த்தான். சின்ன வயதில் எப்போதும் ஒளிகிற இடம். 'அங்கேதான் முதலில் தேடுவான், வேண்டாம். ஆனால் நான் வேண்டாம் என்று நினைப்பேன் என்பது அவனுக்குத் தெரியும். அப்படியானால் புதர்தான் பாதுகாப்பு. அடடா, அதுவும் அவனுக்குத் தெரியுமே!' இப்படியே புதருக்கும் பக்கத்திலிருந்த பாறைக்கும் மனதுக்குள் நடையாய் நடந்தான். கால் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. எண்ணிக்கை முடியப்போகிறது. பதறிப்போய், பூவரசு முகம் புதைத்திருந்த அதே மரத்தின் மறுபக்கம் போய்ப் பதுங்கினான். தங்கப் பதக்க மூளை கடைசியில் கண்டுபிடித்த இடம் அதுதான்.

பூவரசு கண்ணைத் திறந்தான். ஓடித் தேடினானா? அவனும் அதே கல்லூரிதானே! மரத்தடியில் பொத்தென்று உட்கார்ந்து, குளம்பால் மண்ணில் கோடு போட்டு யோசித்தான்.

"துடியன் லேசுப்பட்ட ஆளா? புதர்ல இருக்க மாட்டான். பாறை ரொம்பச் சாதாரணம். இந்த மரத்துக்குப் பின்னாடி பார்க்கலாமா? சேச்சே, அங்க எந்த மடையனாவது ஒளிவானா?" என்று முணுமுணுத்தான்.

மறுபக்கம் இருந்த மடையனுக்குப் பெருமை தாங்கவில்லை. முன்பெல்லாம் இந்த நேரத்தில் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வரும், மாட்டிக்கொள்வான். இப்போது வாயைப் பொத்த வேண்டிய அவசியமே இல்லை. சிரிப்பே வரவில்லை.

வெயில் சாய்ந்தது. ஆற்றங்கரையிலிருந்து மான்கள் குரல் கொடுத்தன.

"மச்சான், நான் தோத்துட்டேன். வெளிய வாடா" என்று கத்தினான் பூவரசு.

துடியன் காதை மடித்துக்கொண்டான். 'ஆகா, தூண்டில் போடுகிறான். மூன்றாம் வருஷப் பாடத்தில் இதற்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கிறதே.'

"டேய், நிஜமாவே கிளம்புறாங்கடா. ஒரு தடவை உன்னைப் பார்த்துட்டுப் போறேன்."

'குரலை எப்படித் தழுதழுக்க வைக்கிறான் பார். என்ன நடிப்பு!'

குளம்புச் சத்தம் தள்ளிப் போனது. 'போக்குக் காட்டுகிறான்' என்று துடியன் இன்னும் கொஞ்சம் ஒடுங்கிக்கொண்டான். சத்தமெல்லாம் அடங்கிப்போன பிறகுதான் அது நடிப்பில்லை என்று அவனுக்கு உறைத்தது. எழுந்து ஆற்றங்கரைக்கு ஓடினான்.

மான் கூட்டம் நடு ஆற்றில் நீந்திக்கொண்டிருந்தது.

"பூவரசு, நான் இங்க இருக்கேன்டா!"

ஒரு தலை திரும்பியது. "இவ்வளவு நேரம் எங்கடா இருந்த?"

"நீ உட்கார்ந்திருந்த மரத்துக்குப் பின்னாடிதான்டா."

"அட மடையா, அங்க பார்க்கணும்னுதான்டா மொதல்ல நெனச்சேன்!"

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து வராத சிரிப்பு. சிரித்த சிரிப்பில் பூவரசுக்கு மூக்கில் தண்ணீர் ஏறிவிட்டது. பின்னால் வந்த தாய்மான் அவனை முட்டித் தள்ளிக்கொண்டு போனது. கூட்டம் அக்கரை ஏறி மரங்களுக்குள் மறைந்தது.

துடியன் தன் தலையில் தானே அடித்துக்கொண்டான். ஆட்டத்தில் ஜெயித்தது என்னவோ அவன்தான். அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ளப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. கரையில் உட்கார்ந்து அழுதான்.

விளையாடக் கிடைத்த நேரத்தை யோசித்தே கழிப்பவன் ஜெயித்தாலும், சேர்ந்து சிரிக்க அவனுக்கு ஆள் இருக்காது.