சாமை மில் திறக்கும் நேரம்

“சோலாரா, டீசலா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க தாயே. என்னால இனி முடியாது” என்றான் செங்கோடன்.

அறுபதை நெருங்குகிறவன். மலையூரின் கரண்டு அவன் பொறுப்பு. சோலார் தகடும் டீசல் இன்ஜினும் சேர்ந்து ஓடுகிற ஏற்பாடு. டீசலை மட்டும் அடிவாரத்திலிருந்து தலையில் சுமந்து வர வேண்டும். வாரம் நான்கு நடை. கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, மனசும் அப்படித்தான்.

ஊருக்கு வெளியே மலைக்குகையில் தனியாக இருக்கிற குகையம்மா அவனைவிடப் பத்து வயது இளையவள். ஆனால் அவள் சொல்லுக்கு ஊரே கட்டுப்படும். அவள் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள்.

நாளைக்கு ஊர்க்கூட்டம் என்றான். இரண்டையும் வைத்துக் கட்டுப்படியாகவில்லை, தகட்டைக் கழற்றி விற்றுவிடலாம் என்கிறார்கள். விற்றால் டீசல் சுமை இரண்டு மடங்காகும். இன்ஜினை நிறுத்தினாலோ சாமை மில் ஓடாது. பெண்கள் மூட்டையோடு மலை இறங்க வேண்டும்.

குகையம்மா ஒரு பை சாமையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊருக்குள் நடந்தாள். அவனும் பின்னாலேயே போனான். உச்சி வெயில். மில் பூட்டியிருந்தது.

“திற.”

செங்கோடன் தயங்கினான். பகல் முழுக்கக் கரண்டைப் பேட்டரியில் சேர்த்துவைத்து, ஆறு மணிக்குத்தான் மில்லைத் திறப்பது வழக்கம். திறந்த அரை மணியில் பேட்டரி இறங்கிவிடும், பிறகு டீசல்தான். சிக்கனம் என்று அவனே போட்ட சட்டம். ஊரில் ஒருத்தரும் மீறியதில்லை.

அவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் திறந்தான்.

மில் ஓடியது. இன்றைக்கு ஊரே இருட்டில் கிடக்கப்போகிறது என்று நினைத்தான். பேட்டரி முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றான். பையிலிருந்த சாமை முழுக்கத் தீட்டியாயிற்று. நிறைந்த கோட்டில் நின்ற முள் இம்மியும் இறங்கவில்லை.

“இது எத்தனை மணிக்கு நிறையும்?” என்றாள்.

“பதினோரு மணிக்கெல்லாம் நிறைஞ்சிடும்.”

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது: மில்லை ஓட்டியது பேட்டரி இல்லை, வெயில். சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அந்தச் சட்டம் போட்டு மூன்று வருஷம். அழுகை வந்தது, அடக்கிக்கொள்ளத் தெம்பில்லை.

“அப்போ பதினோரு மணிக்கு மேல வந்த வெயிலெல்லாம் எங்கே தாயே போச்சு?”

குகையம்மா உமியைப் புடைத்துக்கொண்டே சொன்னாள்.

“டீசல் கேனோட நீ மலை ஏறுறப்போ, உன் தலையிலதான் அடிச்சிச்சு.”