துடியன் விட்ட விரால்

ஒரு காட்டில், மலையிலிருந்து குதித்துக் குதித்து வந்த ஆறு ஒன்று களைத்துப்போய்ச் சற்று நின்று மூச்சு வாங்கும் இடத்தில், பெரிய மடு ஒன்று இருந்தது. அதன் கரையில், நாவல் மரத்து வேர்களுக்கு அடியில் வளை தோண்டி நீர்நாய்க் கூட்டம் ஒன்று குடியிருந்தது.

நீர்நாய்கள் தனித்தனியாகப் போய் மீன் பிடிக்கும் என்றா நினைத்தீர்கள்? அந்த மடுவில் அப்படி இல்லை. மடுவின் கீழ்க்கோடியில் ஒரு வழுக்குப்பாறை, மேல்கோடியில் ஒரு மணல்திட்டு. பாறையருகே அவை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை வரிசை கட்டும். வாலால் தண்ணீரை அடித்துக்கொண்டு மேலே நகரும். மீன்கள் மிரண்டு முன்னால் ஓடும். ஓடி ஓடி மணல்திட்டில் முட்டிக்கொண்டு துள்ளும்போது, எல்லோரும் சேர்ந்து ஒரே பாய்ச்சல். அதுவரைக்கும் யாரும் ஒரு மீனைக்கூடத் தொடக்கூடாது. அதுதான் மடுவின் கட்டுப்பாடு.

வரிசையை நடத்த ஒரு தலைவர் உண்டு. வெகு காலம் தலைவியாக இருந்த சேலிக்குப் பல் தேய்ந்துவிட்டது. தனக்குப் போதும், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, மகள் குடியிருக்கும் மேல் ஆற்றுக்குப் போய்விட்டாள். அவள் போனபின் வேட்டைக்கு மிஞ்சியவர்கள் பதினொரு பேர். அடுத்த தலைவர் யார் என்று எல்லோரும் கூடி யோசித்தார்கள். யோசிக்க என்ன இருக்கிறது? எல்லோர் கண்ணும் துடியன் மேல்தான் போய் நின்றது.

துடியனைப் போல் நீந்த அந்த ஆற்றிலேயே ஆள் கிடையாது. பாறை இடுக்கில் ஒளிந்திருக்கும் மீனைக்கூட ஒரே மூச்சில் வெளியே இழுத்து வந்துவிடுவான். நன்றாக மீன் பிடிக்கிறவன் மற்றவர்களையும் நன்றாகப் பிடிக்க வைப்பான் என்று எல்லோரும் நம்பினார்கள். நீங்களும் நானும் அங்கே இருந்திருந்தால், நாமும் அவனுக்குத்தான் கை தூக்கியிருப்போம்.

துடியனுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக எல்லோரையும் எழுப்பிப் பாறையருகே நிறுத்தினான். "நான் போற வேகத்துக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுச் சர்ரென்று பாய்ந்தான். தண்ணீர் காதோரம் இரைந்தது. முன்னால் வெள்ளி வெள்ளியாய்க் கெண்டைகள் சிதறின. ஆகா, இதுவல்லவோ வேட்டை என்று அவன் உடம்பெல்லாம் சிலிர்த்தது. பாதி வழியிலேயே கொழுத்த விரால் ஒன்றைக் கவ்விக்கொண்டு, முதல் ஆளாய் மணல்திட்டில் ஏறி நின்றான்.

திரும்பிப் பார்த்தான். மற்றவர்கள் இரைக்க இரைக்க ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். திட்டின் ஓரத்தில் துள்ளியவை ஏழெட்டுக் கெண்டைகள்தான். கடைசியாக வந்தவள் தாழை. போன வருடம் முதலை ஒன்று அவள் வால் நுனியைக் கடித்துவிட்டது. அதிலிருந்து வேகமாக நீந்த அவளால் முடியாது. அதனால் எப்போதும் கரையோரமாக, வரிசையின் கடைசி ஆளாக வருவாள்.

"துடியா, ஒண்ணு சொல்லணும்" என்று அவள் மூச்சு வாங்கிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"முதல்ல நேரத்துக்கு வந்து சேருங்க அக்கா. அப்புறம் சொல்லலாம்" என்றான் துடியன்.

அப்போது பட்டுப்போன மரக்கிளையிலிருந்து ஒரு நீர்க்காகம் இறங்கி வந்து திட்டில் உட்கார்ந்தது. உடம்பெல்லாம் கறுப்பு, பேச்செல்லாம் தேன். "தலைவரே, இந்த ஆத்துல எத்தனையோ பேர் நீந்தறதைப் பாத்திருக்கேன். உங்க வேகம் யாருக்கும் வராது. மத்தவங்க உங்க காலைப் பிடிச்சு இழுக்கறாங்க, அவ்வளவுதான்" என்றது.

துடியனுக்கு அந்த வார்த்தை விராலைவிட ருசியாக இருந்தது. கட்டுப்பாட்டை மீறி நடுவழியில் மீனைக் கவ்விவிட்டோமே என்ற சின்ன உறுத்தலையும் அவன் அதனிடமே சொன்னான். கட்டுப்பாடெல்லாம் சாதாரண ஆட்களுக்குத்தான் என்று நீர்க்காகம் சிரித்தது. துடியனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

அடுத்த நாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும் அதே கதை. துடியன் இன்னும் வேகமாகப் பாய்ந்தான், இன்னும் சத்தமாக அதட்டினான். திட்டில் வந்து விழுந்த மீன்களோ நாளுக்கு நாள் குறைந்தன. அவன் வயிறு மட்டும் நிறைந்தது. நீர்க்காகம் தினமும் வந்து தலைவரின் புகழைப் பாடிவிட்டுப் போனது. அது எதைச் சாப்பிட்டு அப்படிப் பளபளவென்று கொழுத்துக்கொண்டு வருகிறது என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை.

அது கடுங்கோடை. மேலும் கீழும் ஆறு வற்றி, மடுவில் மட்டும்தான் மீன் இருந்தது. வளைக்குள் மருதனின் நான்கு குட்டிகள் இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. அவன் மனைவிக்குப் பால் வற்றிக்கொண்டே வந்தது. மருதன் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஆனாலும் ஐந்தாம் நாள் சாயங்காலம், துடியன் எல்லோரையும் கூட்டி வைத்து, நாளை முதல் தாழை வேட்டைக்கு வர வேண்டாம், அவளால்தான் வரிசை கெடுகிறது என்று அறிவித்தபோது, அவனுக்குப் பொறுக்கவில்லை.

"தலைவரே, நாளைக்கு ஒரு நாள் தாழை அக்காவோட சேந்து எல்லாரும் வரோம். நாளைக்கும் வயித்துக்கு இல்லேன்னா, எங்க குடும்பத்துல வேட்டைக்கு வர்ற அஞ்சு பேரும் குட்டிகளைத் தூக்கிக்கிட்டுக் கீழ் ஏரிக்குப் போயிடுவோம்" என்றான்.

கீழ் ஏரி என்றால் முதலைகளின் ஏரி. அங்கே போனால் நான்கு குட்டிகளில் ஒன்று தேறினாலே பெரிய காரியம். இங்கே மிஞ்சுகிற ஆறு பேராலோ மடுவின் இரண்டு கரைகளையும் தொட்டு வரிசை கட்ட முடியாது. ஐந்து பேர் போனால் கூட்டமே உடைந்தது என்று அர்த்தம். ஆனாலும் தலைவன் கலங்கலாமா என்று துடியன் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு நின்றான்.

விடிந்தது. இன்றைக்கு எப்படியும் ஜெயித்துக் காட்ட வேண்டும் என்ற வெறி துடியனுக்கு. மற்றவர்கள் வரிசை கட்டுவதற்குள் தான் ஒரு மீனைப் பிடித்துக் காட்டி எல்லோருக்கும் உற்சாகம் ஊட்டலாம் என்று நினைத்து, பாறை இடுக்கில் கையை விட்டான். உள்ளே இருந்தது பெரிய கெளுத்தி. விலுக்கென்று திரும்பி, தன் முள்ளை அவன் உள்ளங்கையில் ஆழமாக இறக்கிவிட்டது.

துடியன் அலறிவிட்டான். முள்ளைப் பிடுங்கிப் போட்டும் கை விண்விண்ணென்று தெறித்தது. அந்தக் கையை வைத்துக்கொண்டு முன்னால் பாய்வதா? வெட்கமும் வலியுமாக, தன் இடமான நடுவில் மருதனை நிற்கச் சொன்னான். தான் நொண்டிக்கொண்டே போய் வரிசையின் கடைசியில், தாழைக்குப் பக்கத்தில் நின்றான். அந்த இடத்தில் அவன் நிற்பது அதுதான் முதல் தடவை.

வேட்டை தொடங்கியது. ஐந்து நாளாய்த் துடியன் அதட்டி அதட்டிப் பழக்கிய வேகத்தில் எல்லோரும் பாய்ந்தார்கள். கண் மூடித் திறப்பதற்குள் வரிசை பிய்ந்துபோனது. நடுவில் இருந்தவர்கள் எங்கோ போய்விட்டார்கள். ஓரத்தில் தாழையும் துடியனும் மட்டும் பின்தங்கி நின்றார்கள். அப்புறம் அவன் கண்ட காட்சியை என்னவென்று சொல்வது!

மீன்கள் திரும்பி வந்தன. ஒன்றா இரண்டா, கூட்டம் கூட்டமாய் வந்தன. கெண்டையும் சேலும் விராலும் வரிசையின் ஓட்டை வழியாக, கரையோரமாக, துடியனின் மீசையை உரசிக்கொண்டு கீழே பாய்ந்தன. அவன் தடுமாறித் திரும்பிப் பார்த்தான். வழுக்குப்பாறையின் மேல் நீர்க்காகங்கள் உட்கார்ந்திருந்தன. ஒன்றில்லை, பதினேழு. சித்தப்பன், பெரியப்பன், மச்சான், மாமன் என்று குடும்பத்தையே அழைத்து வந்திருந்தது நம் தேன்பேச்சு நீர்க்காகம். ஒவ்வொன்றாய் முழுகுவதும், வாய் நிறைய மீனோடு எழும்புவதுமாக அங்கே ஒரு விருந்தே நடந்துகொண்டிருந்தது.

தினமும் புகழ்ந்த அந்த நீர்க்காகம் ஒரு சேல்மீனைப் பாதி விழுங்கிய நிலையில் அவனைப் பார்த்துவிட்டது. "தலைவரே, நீங்களா? இங்கே என்ன பண்றீங்க? உங்க இடம் முன்னாலதானே?" என்று திணறியது.

துடியனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவன் வேகம் அவன் கூட்டத்துக்குச் சோறு போடவில்லை. பாறைமேல் இருந்த பதினேழு பேருக்குத்தான் போட்டிருந்தது. மானமே போய்விட்டது போல் இருந்தது அவனுக்கு.

"அக்கா, தினமும் இப்படித்தானா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"தினமும்தான்."

"ஏன் சொல்லல?"

"இங்கேருந்து தினமும் சீழ்க்கை அடிச்சுக் கூப்பிட்டேன். நீ போற வேகத்துல உன் காதுல தண்ணிச் சத்தந்தான் கேட்டிருக்கும். கரையில சொல்ல வந்தேன், நீ பேச விடல" என்றாள் தாழை. அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவனை அதிகமாகச் சுட்டது.

துடியன் தலையைத் தூக்கி நீளமாகச் சீழ்க்கை அடித்தான். எல்லோரும் திரும்பி வந்தார்கள். கடைசி நாளும் பாழாய்ப் போயிற்று என்று மருதன் முகம் இருண்டு கிடந்தது. பிள்ளைகளே, ஆழத்தில் முழுகி மீனைத் தேடுவது துடியனுக்குச் சுலபம். இப்போது அவன் செய்ய வேண்டியிருந்தது அதைவிடப் பத்து மடங்கு கஷ்டம். இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினான். மூன்றாவது தடவைதான் பேச்சு வந்தது.

"தப்பு என்னோடது. தாழை அக்கா மேல பழி போட்டேன், அதுவும் தப்பு. நான் முந்தி முந்திப் போய் வரிசையைக் கிழிச்சேன். மீனெல்லாம் அந்தக் கிழிசல்ல போயிடுச்சு. இப்ப அத்தனையும் கீழ்ப்பக்கம்தான் கிடக்கு. இன்னொரு தடவை போலாம். எவ்வளவு வேகம் போகணும்னு அக்கா சொல்லட்டும்."

மருதன்தான் முதலில் அசைந்தான். பாறையருகே போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டான். பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். தாழை ஒரு முறை சீழ்க்கை அடித்தால் எல்லோரும் ஓர் எட்டு தூரம் மட்டும் நீந்துவது, அடுத்த சீழ்க்கை வரும்வரை அப்படியே நிற்பது என்று பேசிக்கொண்டார்கள். நடுவில் மருதன் நின்றான், ஓரத்தில் தாழை நின்றாள். துடியன் வரிசையில் எங்கே ஆள் தளர்ந்தாலும் போய் இட்டு நிரப்பும் இடத்தை எடுத்துக்கொண்டான்.

சீழ்க்கை கேட்டது. பதினொரு பேரும் ஒரே எட்டு நகர்ந்தார்கள். வால்கள் பதினொன்றும் ஒன்றாய்த் தண்ணீரை அறைந்தன. மடுவே அதிர்ந்தது. மறுபடி சீழ்க்கை, மறுபடி ஓர் எட்டு. முன்னால் தண்ணீர் கலங்கிக் கொதிக்க ஆரம்பித்தது. இடது பக்கம் ஒருவன் களைத்து இடைவெளி விழுந்தது. துடியன் முழுகிப் போய் அங்கே எழுந்தான். வலது பக்கம் இடைவெளி விழுந்தது. அங்கேயும் போய் எழுந்தான். கை வலிக்கிறதா என்று நினைத்துப் பார்க்கவும் நேரமில்லை. பத்துப் பேரின் மூச்சுச் சத்தமும் தன் பக்கத்தில் கேட்க, முன்னால் தனியாகப் பாய்ந்தபோது வராத ஒரு பரவசம் அவனுக்கு இப்போது வந்தது.

பாதி வழியில் ஒரு விரால் வந்தது. அம்மாடி, அது விராலா, மரக்கட்டையா! அவன் மூக்குக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில் சோம்பலாக வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. துடியனுக்கு வாயூறியது. ஒரே ஒரு பாய்ச்சல், விரால் அவனுடையது. ஆனால் அவன் பாய்ந்தால் அந்த இடத்தில் ஓட்டை விழும். அந்த ஓட்டைக்காகப் பாறைமேல் பதினேழு கழுத்துகள் நீண்டு காத்திருந்தன.

சீழ்க்கை கேட்டது. துடியன் வாயை இறுக மூடிக்கொண்டு, எல்லோரோடும் சேர்ந்து ஓர் எட்டு மட்டும் நகர்ந்தான். விரால் மிரண்டு முன்னால் ஓடியது.

மணல்திட்டு வந்ததும் என்ன நடந்தது என்கிறீர்கள்? மீன் மேல் மீன் ஏறித் துள்ளியது. மணல் தெரியவில்லை, தண்ணீர் தெரியவில்லை, எங்கும் வெள்ளியாய் மின்னியது. தாழை கடைசிச் சீழ்க்கை அடித்தாள். மீன் திரும்பி ஓடாதபடி துடியன் பின்னால் மறித்து நிற்க, மற்றப் பத்துப் பேரும் பாய்ந்தார்கள். அந்த ராட்சச விரால் தாழையின் வாயில்தான் போய் அகப்பட்டது. அவள் அதை அப்படியே இழுத்துக்கொண்டு போய் மருதன் மனைவியின் வளை வாசலில் போட்டாள்.

ஒரு மீன்கூடக் கிடைக்காமல் நீர்க்காகங்கள் வெறும் வாயோடு கலைந்து போயின. தேன்பேச்சு நீர்க்காகம் மட்டும் போகிற போக்கில் திட்டில் இறங்கியது. வயிற்றெரிச்சல் தாங்கவில்லை போலிருக்கிறது.

"என்ன தலைவரே, இன்னிக்கு நீங்களா ஒரு மீன்கூடப் பிடிக்கலையே?" என்றது.

துடியன் திட்டைச் சுற்றிப் பார்த்தான். எல்லோரும் கடித்துக்கொண்டும் மென்றுகொண்டும் இருந்தார்கள். "ஆமா, பிடிக்கல. எல்லாரும் சாப்பிட்டாச்சு" என்றான்.

நீர்க்காகம் சிறகடித்துப் பறந்துபோனது. துடியன் மருதனைத் தேடிப் போனான். கீழ் ஏரிக்குப் புறப்பட வேண்டாம், வேறு தலைவரை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் போனான். மருதனோ வெயிலில் மல்லாந்து படுத்து, நிறைந்த வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு எழுப்புவே துடியா?" என்று கண்ணைத் திறக்காமலேயே கேட்டான்.

நீதி: முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவரின் குரலுக்குக் காது கொடுத்தால்தான் கூட்டம் கரை சேரும்.