கடைசியில் ஒரு சீட்டி

குளக்கரைப் புங்கமரத்தடியில் ஏழு தவிட்டுக்குருவிகள் சருகைக் கிளறி இரை தேடுவார்கள். ஆறு பேர் அங்கேயே பிறந்தவர்கள். ஏழாவது குருவி பூவாத்தாள் போன மாதம்தான் வந்து சேர்ந்தாள். அக்கரைக் காட்டில் தீப்பிடித்து அவளுடைய கூட்டம் சிதறிப்போயிருந்தது.

"கிர்ர்! கிர்ர்!" என்று கத்திவிட்டுக் கடைசியில் "டுவீ!" என்று ஒரு சீட்டி அடிப்பது அக்கரை வழக்கம். வந்த நாளிலேயே அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள்.

"என்னடி இது, கத்தி முடிச்சதும் விக்கல் எடுக்குற?" என்றாள் சீரங்காயி.

பூவாத்தாளுக்கு வெட்கமாகிவிட்டது. தனியாகப் போய்ப் பழகினாள். சீட்டியைத் தொண்டையிலேயே விழுங்கினாள். பத்தே நாளில் அவள் குரலும் மற்றவர்கள் குரலும் ஒன்றாகிவிட்டன. இனி யாரும் துரத்தமாட்டார்கள் என்று நிம்மதியானாள்.

ஒரு நாள் காலையில் "கிர்ர்! கிர்ர்!" என்று கேட்டது. வல்லூறு வருகிறது என்று அர்த்தம்! ஏழு பேரும் ஆளுக்கொரு புதருக்குள் பாய்ந்தார்கள். வல்லூறு வரவில்லை. திரும்பி வந்து பார்த்தால், கிளறி எடுத்த கொழுத்த புழுக்களைக் காணோம்!

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே.

"கத்தினது யாரு?" என்றாள் மூத்தவள் தங்காயி.

"நான் இல்லை!"

"நானும் இல்லை!"

ஒருத்தியை ஒருத்தி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் எல்லோருடைய பார்வையும் பூவாத்தாள் மேல் வந்து நின்றது.

"இவ வர்றதுக்கு முன்னாடி இங்கே ஒரு புழுகூடக் காணாமப் போனதில்லை," என்றாள் சீரங்காயி.

"சத்தியமா நான் கத்தலை அக்கா!"

"நம்ம கூட்டத்துக் குரல்தான் கேட்டுச்சு. உன் குரலும் அப்படித்தானே இருக்கு?"

இதுதான் என் குரல் என்று காட்டப் பூவாத்தாளிடம் எதுவும் மிச்சமில்லை.

"இன்னொரு தடவை நடந்தா நீ கிளம்பிடணும்," என்றாள் தங்காயி.

போக இடம் ஏது? காடுதான் எரிந்துவிட்டதே! பூவாத்தாள் அன்று ஒரு புழுவைக்கூடத் தொடவில்லை. யோசித்து யோசித்து, சாயங்காலம் தயங்கித் தயங்கி வந்தாள்.

"அக்கா, இனிமே நான் என் சீட்டியோடதான் கத்துவேன். நீங்களும் கடைசியில ஆளுக்கு ஒண்ணு சேர்த்துக்குங்க. கத்துறது யாருன்னு தெரிஞ்சுடும்."

"பாத்தீங்களா! கூட்டத்தைப் பிரிக்கப் பாக்குறா!" என்றாள் சீரங்காயி.

"இல்லக்கா! முன்பாதி எல்லாருக்கும் ஒண்ணுதான். அது மாறினா ஆபத்துன்னே யாருக்கும் புரியாது. கடைசி மட்டும் அவங்கவங்களோடது."

தங்காயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, ஒரு நாள் பாப்போம்."

மறுநாள் காலையில், "கிர்ர்! கிர்ர்!"

அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. எல்லோருடைய கால்களும் துடித்தன. உண்மையிலேயே வல்லூறாக இருந்தால்? ஆனாலும் பூவாத்தாள் நகரவில்லை.

"ஓடாதீங்க! இது நம்ம ஆள் இல்லை! மேலே பாருங்க!"

புங்கக் கிளையில் ஒரு கரிச்சான் குருவி, திறந்த வாயை மூடாமல் உட்கார்ந்திருந்தான். எந்தப் பறவையைப் போலவும் கத்தக்கூடியவன்!

"அடப் பாவி! நீயா?"

"பொழப்பும்மா!" என்றான் கரிச்சான். "எல்லாரும் ஒரே மாதிரி கத்துறீங்க. ஒருத்தி குரலைப் படிச்சா ஏழு பேர் குரலும் வந்துடுது!"

ஏழு பேரும் சேர்ந்து அவனைக் குளத்துக்கு அப்பால் விரட்டினார்கள்.

"திருடன் அவன்தான், ஒத்துக்குறேன்," என்று முனகினாள் சீரங்காயி. "ஆனா விக்கல் விக்கல்தான்."

அன்று சாயங்காலம், "கிர்ர்! கிர்ர்! டுவீ!" என்று கேட்டது. யாரும் சந்தேகப்படவில்லை. புதருக்குள் பாய்ந்தார்கள். சருகுகளின் மேல் வல்லூற்றின் நிழல் வழுக்கிக்கொண்டு போனது. எல்லோருக்கும் முன்னால் பாய்ந்தவள் சீரங்காயிதான்!

கூட்டத்தோடு ஒத்துப்போவது நல்லது; ஆனால் நம்மை அடியோடு அழித்துக்கொண்டு ஒத்துப்போனால், கூட்டத்துக்கே நம்மை அடையாளம் தெரியாமல் போய்விடும்.